பூட்டில்லாத தொலைபேசி

பிரிக்பீல்ட்ஸ் காப்பிக் கடையொன்றின் சுவர்மாடத்தில் ஒரு கறுப்புத் தொலைபேசி வைத்திருக்கிறார்கள். எண்வட்டில் விரல் விட்டுச் சுற்றும் பழைய ரகம். மேலே விளக்கு, கீழே ஓர் அட்டை: ‘குடும்பங்கள் மனம்விட்டுப் பேசிய காலம்.’ போன மாதம் சின்னம்மாவோடு போயிருந்தபோது அதைப் படித்து எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. ஒரு பொருளைத் துடைத்து, விளக்குப் போட்டு, கீழே நல்லதாக ஒரு வரி எழுதியிருந்தால் நான் நம்பவே மாட்டேன். அதிலிருந்து யாரோ எதையோ கழற்றியிருப்பார்கள்.

கிள்ளானில் எங்கள் கூட்டுக் குடும்ப வீட்டிலும் இதே போன் இருந்தது, பூட்டோடு. ஒன்றாம் எண்ணின் ஓட்டையில் அந்தக் குட்டிப் பூட்டைச் செருகிவிட்டால் வட்டு சுற்றாது. விரல் நுழையட்டும் என்று ஒருவன் யோசித்து ஓட்டை போட்டான். அந்த ஓட்டையை அளந்து இன்னொருவன் பூட்டுச் செய்தான். அவனும் வடிவமைப்பாளன்தானாம், என்னத்தைச் சொல்ல! சாவி பெரியப்பாவின் அரைஞாண் கயிற்றில் தொங்கும். சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சின்னம்மா, அம்பாங்கிலிருக்கும் தன் அம்மாவிடம் வீட்டு விஷயங்களைச் சொல்லிவிடுவார் என்று பெரியப்பாவுக்குத் தீராத சந்தேகம். “பாக்கலாம், தொடக்கூடாது” என்பார், ஏதோ சாமி படத்தைக் காட்டுவது போல.

சின்னம்மாவின் அம்மா அப்போது படுத்த படுக்கை. போனில் பேச அனுமதி கேட்டால், “ஞாயித்துக்கெழம நேர்லயே போய்ப் பாரேன்லா” என்பார் பெரியப்பா. ஞாயிறு வந்தால் சித்தப்பாவுக்கு லோரி ஓட்டப் போக வேண்டியிருக்கும், சின்னம்மாவை அழைத்துப் போக ஆளிருக்காது.

பூட்டை ஏமாற்றச் சின்னம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். ரிசீவரை எடுத்துவிட்டு, அது உட்காரும் பொத்தானை எண்ணுக்கேற்பத் தட்ட வேண்டும். மூன்றுக்கு மூன்று தட்டு, ஏழுக்கு ஏழு. கொஞ்சம் பிசகினாலும் முன்பின் தெரியாத யார் வீட்டிலோ மணியடிக்கும். பள்ளிச் சிறுமியாயிருந்த நான் பாடம் எழுதிக்கொண்டே அந்த டக்டக்கைக் கேட்டிருக்கிறேன். ஒரு மதியம் இணைப்புக் கிடைத்துவிட்டது. “யாரு? யாரு பேசுறது?” என்ற மெலிந்த குரல் எனக்கே கேட்டது. சின்னம்மா வாய் திறப்பதற்குள், எப்போது வந்தாரோ, பெரியப்பா கைநீட்டிப் பொத்தானை அழுத்தி இணைப்பைத் துண்டித்துவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை, அழுத்தியபடியே நின்றார். அந்த வாரமே அம்பாங்கிலிருந்து சாவுச் செய்தி வந்தது, அதே போனில். பெரியப்பா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிறது. என் கோபம் ஆறவில்லை.

காப்பிக் கடையில் சின்னம்மா அந்தப் போனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து பக்கத்தில் போனார்.

“தம்பி, பூட்டு எங்க?”

“பூட்டா? போனுக்கு எதுக்கு ஆன்டி பூட்டு?” பரிமாறும் பையன் சிரித்தான். அவர் கையை நீட்டவும், “ஆன்டி, பாக்கலாம், தொடக்கூடாதுலா. டிஸ்பிளே” என்றான்.

பெரியப்பா சொன்ன அதே வார்த்தைகள். சின்னம்மா வந்து உட்கார்ந்தார். அவருடைய விரல் மேசையைத் தட்டத் தொடங்கியது. சில தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி சில தட்டு. அம்பாங் வீட்டு எண்ணின் அந்தக் கணக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. கடைசி எண்ணுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.