சந்திரகாந்தி கேட்காமல் விட்ட ஒரு கேள்வி

என் அக்கா சந்திரகாந்தியோடு ஒருமுறை சாமான் வாங்கப் போனவர்கள் மறுமுறை போனதில்லை. நான் போனேன். மெல்பர்னிலிருந்து மூன்று வார லீவில் இலங்கைக்கு வந்தவனுக்கு வேறென்ன வேலை என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்து மூன்று வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். காந்தி எப்படிப்பட்டவள் என்று அங்கே யாரைக் கேட்டாலும், கேள்வி கேட்பாள் என்பார்கள். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்தால், "மழை பேஞ்சு நாலு நாளாச்சு, ஈரம் எங்கேருந்துங்க வந்துச்சு?" என்று தராசடியிலேயே நிற்பாள். மருந்து கொடுக்கும் இடத்தில், போன மாதம் மஞ்சளாக இருந்த மாத்திரை இந்த மாதம் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்பாள். பின்னால் நிற்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். கழித்த இரண்டு கிலோவில் ஒரு கிலோ திரும்ப ஏறும்போது மட்டும் எல்லாரும் அமைதியாக வாங்கிக்கொள்வார்கள்.

அந்த வார வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீச்சட்டி. அம்மனுக்கு முன்னால் எரிகிற விளக்கிலிருந்து முதல் சட்டியைப் பற்றவைப்பார்கள். அதைத் தூக்கும் உரிமை வருடத்துக்கு ஒரு லயத்துக்கு, அதாவது ஒரு வரிசை வீடுகளுக்கு; மற்றச் சட்டிகளை நேர்ந்துகொண்ட யாரும் தூக்கலாம். லயங்கள் பத்து என்பதால் ஒரு லயத்துக்கு மறுபடி முறை வரப் பத்து வருடம் ஆகும். போன முறை சீட்டுப் போட்டதில் அக்காவின் பெயர்தான் விழுந்தது. திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அத்தான் தங்கராஜா பசறை ரோட்டில் லொறி மோதி இறந்துபோனார். சாவுத் தீட்டு. அடுத்த வீட்டுப் பாக்கியலெட்சுமி தூக்கினாள். இந்த முறை லயத்துக்காரர்கள் சீட்டே போடவில்லை. காந்திக்கே கொடுங்கள் என்று ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த முறை வரும்போது அவளுக்கு அறுபத்திரண்டு வயது. அப்போது அவள் லயத்தில் இருப்பாளோ, வேலையிலிருந்து பெயர் வெட்டிய பிறகு எங்கே இருப்பாளோ, யாருக்குத் தெரியும்.

காப்புக் கட்டி நாலு நாள் ஆகியிருந்தது. மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிய பிறகு கறி, மீன் என்று எந்தக் கவிச்சியும் தொடக் கூடாது. இருட்டுமுன் தோட்டத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

சட்டி தூக்க மஞ்சள் சேலை வேண்டும் என்று பதுளை டவுனுக்கு வந்தோம். முதல் கடை இந்திரஜித் முதலாளியுடையது.

"அண்ணே, இது சாயம் போகுமா?"

"போகவே போகாதுங்க."

"அப்ப கொஞ்சம் தண்ணி கொண்டாரச் சொல்லுங்க."

முதலாளி சிரித்துக்கொண்டே கொண்டுவரச் சொன்னார். அக்கா அந்தச் சேலையின் முந்தானை நுனியை நனைத்து, என் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடுங்கி, அதற்குள் வைத்துப் பிழிந்தாள். கைக்குட்டை மஞ்சளாகிவிட்டது.

"இது போகாத சாயம். போற சாயத்தையும் கொஞ்சம் காட்டுங்க பாப்போம்."

முதலாளியின் சிரிப்பு நின்றது. நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்படியே நாலு கடை. ஐந்தாவது கடையில் சேலை அமைந்தபோது மணி பன்னிரண்டரை.

அதற்குப் பிறகு சாப்பாடு. மூன்று கடைக்குள் நுழைந்து மூன்றிலிருந்தும் வெளியே வந்தோம். ஒரு கடையில் மரக்கறிக்கும் கோழிக்கறிக்கும் ஒரே கரண்டி. இன்னொன்றில் பருப்புச் சட்டியில் கருவாட்டு வாடை. மூன்றாவதில் சமையல்காரரையே வெளியே வரவழைத்து, வடை பொரித்த எண்ணெயில் வேறென்ன பொரித்தார் என்று விசாரித்தாள். அவர் ஒரு நிமிடம் யோசித்ததே போதும் என்று எழுந்துவிட்டாள்.

"ரெண்டு வாழப்பழம் வாங்கித் தின்னுட்டுப் போயிரலாம் தம்பி."

எனக்குப் பசியில் தலை வலித்தது. காலையிலிருந்து மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தலைத் தவிர எதையும் நம்பிக் குடிக்கவில்லை. எல்ல என்கிற ஊர் வழியாகப் போனாலும் நமுனுகுல வரும் என்று ஓர் ஆட்டோ பிடித்தேன். எல்லவில் வெள்ளைக்காரர்களுக்காகத் திறந்த ஜப்பான் நூடுல்ஸ் கடை ஒன்றை லீவில் வரும்போதே பார்த்து வைத்திருந்தேன். மெல்பர்னில் நான் வாரம் தவறாமல் சாப்பிடுகிற சாப்பாடு அது. இனி அக்கா பேச வேண்டியதில்லை, எனக்குத் தெரிந்த இடம் என்று நினைத்தேன்.

கடையில் உயரமான மரப்பலகையும் முக்காலிகளும் இருந்தன. சமையலறை எதிரிலேயே தெரிந்தது. முக்காலியில் ஏறி உட்கார அக்காவுக்கு இரண்டு தரம் முயல வேண்டியிருந்தது. மெனுவிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"இடியாப்பத்தக் கொழம்புல போட்டு மறந்துட்டுப் போன மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு கூட்டம்?"

மரக்கறி நூடுல்ஸில் இறைச்சி இருக்கிறதா என்று பரிமாறுகிறவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். இல்லை சார், இறைச்சியே போடுவதில்லை என்றார். அக்கா சமையலறைப் பக்கம் கையை நீட்டினாள்.

"அந்தப் பெரிய சட்டியில கொதிக்குதே, அது என்ன..."

"அக்கா, வாய மூடிக்கிட்டு இரு. இது பதுளைக் கடை இல்ல. எல்லாரும் நம்மளத்தான் பாக்குறாங்க."

பக்கத்தில் முதுகுப் பையோடு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் உண்மையிலேயே பார்த்தார்கள். அக்கா நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கிண்ணம் வந்தது. குச்சியை ஒதுக்கிவிட்டு முள்ளுக்கரண்டி வாங்கிச் சாப்பிட்டாள். கிண்ணத்தைத் தூக்கி இரண்டு மிடறு சாறும் குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. நெய் ஊத்தியிருக்காங்க போல."

எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று முழுக்க அவள் குறை சொல்லாத முதல் பொருள் அது.

பாத்திரம் எடுக்க உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. சட்டையில் கம்சலா என்று பெயர் குத்தியிருந்தது. அக்காவின் கையைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, காப்புக் கட்டியிருக்கீங்களே. இதப் போயி குடிக்கிறீங்க?"

"ஏன், மரக்கறிதானே?"

"மேல கெடக்குறது மரக்கறிதான். சாறு காலையிலேருந்து வேகுற பன்னி எலும்புங்க. எல்லாக் கிண்ணத்துக்கும் அந்தச் சட்டிதான்."

அக்கா முள்ளுக்கரண்டியைக் கிண்ணத்தின் மேல் குறுக்காக வைத்தாள். இறங்கி வெளியே போனாள். என் போத்தல் தண்ணீர் முழுவதையும் வாய் கொப்பளித்துத் துப்பினாள்.

நான் பரிமாறுகிறவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை. "உள்ளே இறைச்சி ஒரு துண்டும் இல்லை சார். அது சாறு மட்டும்தானே" என்றார். அதையே மூன்று தரம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. அந்தச் சாற்றை எப்படி வைப்பார்கள் என்று வாரம் தவறாமல் குடிக்கிற நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஆட்டோவில் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். யாருக்கும் தெரிய வேண்டாம் என்றேன். இரண்டு மிடறுதானே என்றேன். பரிகாரம் எதுவும் உண்டா என்று போனில் தேடினேன். அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பூசாரி வீட்டுக்கிட்ட நிப்பாட்டச் சொல்லு" என்றாள்.

ரெங்கசாமிப் பூசாரி விறகு பிளந்துகொண்டிருந்தார். அக்கா எதையும் குறைக்காமல் சொன்னாள். நெய் என்று நினைத்ததையும் சொன்னாள். அவர் கோடரியை ஊன்றிக்கொண்டு யோசித்தார்.

"தெரியாமத்தானே சாப்பிட்ட? தலைக்கு மஞ்சத் தண்ணி ஊத்திக்கிட்டு வா. வேற காப்புக் கட்டி விடுறேன். நீயே எடு."

எனக்கு மூச்சு வந்தது. பையிலிருந்த சேலையை அவள் கையில் கொடுக்கக்கூடப் போனேன்.

"அது தெரியாமச் சாப்பிட்டவங்களுக்கு சாமி" என்றாள் அக்கா. "நான் கேக்காமச் சாப்பிட்டேன். சட்டி எதிருலதான் கொதிச்சுச்சு. கேக்கணும்னு வாயெடுத்தேன். நாலு பேரு பாக்குறாங்கன்னு அடக்கிக்கிட்டேன்."

"நானே சரிங்கிறேன். அப்புறம் உனக்கு என்னாம்மா?"

"மத்தச் சட்டியோட வாறேன். மொதச் சட்டி வேணாம்."

பூசாரி என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். ஊரெல்லாம் குடைந்து குடைந்து பதில் வாங்குகிறவளுக்குச் சாதகமாக ஒரு பதில் கிடைத்தால் எடுத்துக்கொண்டு போகத் தெரியாதா? ஒற்றையடிப் பாதையில் அவள் பின்னாலேயே கத்திக்கொண்டு போனேன்.

"அக்கா, வாய மூடுன்னு சொன்னது நானு. தப்பு என்னோடது."

"நீ சொன்ன. மூடுனது யாரு?"

பாக்கியலெட்சுமி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சுளகைக் கீழே வைத்தாள்.

"அடிப் பாவி, எனக்கெதுக்குடி மறுபடியும்? போன தடவை வெந்த கைக்கு ஒரு மாசம் எண்ணெ தடவுனேன். பூசாரிதான் எடுன்னுட்டாருல்ல?"

"நீயும் காப்புக் கட்டியிருக்க. சுத்தமா இருக்க. எடு."

"இனி நம்ம மொறை எப்ப வரும்னு தெரியுமா உனக்கு? அப்ப இருப்பியா நீ இங்க?"

"இருக்குறவங்க எடுக்கட்டும்."

பாக்கியலெட்சுமி என் பக்கம் திரும்பினாள். "வெளிநாட்டுலேருந்து வந்து நல்லா வாங்கிக் குடுத்தீங்க தம்பி, நூடுல்சு."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சட்டிகள் கோயிலைச் சுற்றித் தோட்டத்து ரோட்டுக்கு இறங்கின. முதலில் பாக்கியலெட்சுமி, வேப்பிலைக்கு மேல் சட்டியை ஏந்தி, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு முன்னால் தப்பு அடிக்கிறவர்களும் வெறும் ரோடும்தான். நான் ஓரமாக நின்று எண்ணினேன். அக்கா பத்தொன்பதாவது ஆள். மலையிலிருந்து காற்று எதிராக அடித்தது. முன்னால் போன பதினெட்டுச் சட்டியின் புகையும் அவள் முகத்துக்கே வந்தது. கண்ணைத் துடைக்கக் கை கிடையாது. பாதி மூடிய கண்ணோடு, முன்னால் போகிறவளின் குதிகாலைப் பார்த்துக்கொண்டு அவள் இறங்கிப் போனாள்.