செப்புக்குடத்துத் தண்ணீர்

கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த வாரத்தில் ஒருநாள் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. பராமரிப்பு வேலை, மாலை ஐந்து மணிக்குத்தான் வரும் என்று முந்தின நாளே பேப்பரில் போட்டிருந்தார்களாம். நான் பார்க்கவில்லை. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி போன மாதமே படுத்துவிட்டது. எனக்கு ஒரு விசிறி போதும். ஹாலில் இருந்த மீன்தொட்டிக்கு யார் விசிறுவது?

தொட்டி என் கணவருடையது. அவர் துபாயில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். போனமுறை ஊருக்கு வந்தபோது கும்பகோணத்தில் தொட்டியை வாங்கி, மீன்களைத் தண்ணீர் நிறைந்த பைகளில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். பத்து சின்ன நியான் மீன்கள், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஊரும் நாலைந்து நத்தைகள், அப்புறம் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன். அந்த ஜோடிதான் அவருக்கு உயிர். லீவு முடிந்து கிளம்பும்போது மகளுக்கு ஒரு முத்தம், எனக்கு ஒரு தலையசைப்பு. தொட்டியைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிட்டுப் போனார்.

தினமும் மூன்று மணிக்கு வீடியோவில் கூப்பிடுவார். அங்கே அவருக்குச் சாப்பாட்டு நேரம். என் முகத்தை இரண்டு நிமிடம் பார்ப்பார். நானும் கேஸ் தீர்ந்தது, கூரை ஒழுகியது, மகளின் விடுதியில் சாப்பாடு சரியில்லை என்று இரண்டு நிமிடத்துக்குள் கொட்டிவிடுவேன். உடனே, "சரி, போனைத் தொட்டிகிட்ட வையி" என்பார். டீப்பாயில் சாய்த்துவைப்பேன். "தொட்டி லைட்டை அணைச்சிடு, தண்ணி சூடாகும்" என்பார். மார்கழி மாதத்திலும் இதே பேச்சுதான். அணைத்துவிட்டு, அதே ஹாலில் உட்கார்ந்து துணி மடிப்பேன், கீரை ஆய்வேன். அரை மணி நேரம் அவர் பேசாமல் சாப்பிடுவார், மீன் பார்ப்பார். பதினேழு வருடம் குடும்பம் நடத்துகிறவளுக்கு இரண்டு நிமிடம், மீனுக்கு அரை மணி நேரம். அந்த எரிச்சலில் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைப்பேன்.

இரண்டு நாளைக்கு முன்புதான் அவருடைய லீவை இரண்டாவது முறையாக ரத்து செய்திருந்தார்கள். அதைச் சொல்லும்போது அவர் குரலே வேறாக இருந்தது. அந்த வாரத்தில் இன்னொரு கெட்ட சேதி சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. மூன்று மணிக்கு அந்த ஜோடி நீந்திக்கொண்டிருக்க வேண்டும். காலையிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

வழக்கமாக வெயில் நாளில் தொட்டியின் மூடியைத் திறந்து, தண்ணீருக்கு மேலே சின்ன ஃபேனை ஓடவிடுவேன். அன்றைக்கு அது இல்லை. ஃப்ரீசரில் ஐஸாக இருந்த இரண்டு பாட்டில்களை மிதக்கவிட்டேன். பதினோரு மணிக்குள் இரண்டும் கரைந்தன. காற்றுக் குமிழி விடும் பேட்டரி மோட்டார் மட்டும் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் ஒட்டியிருந்த வெப்பமானி முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்று ஏறியது. பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னபோது முப்பத்துநாலைத் தொட்டிருந்தது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன.

மாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் கொதித்துக்கொண்டு வந்தது. தவிர, குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது, அதில் மருந்து இருக்கும், ராத்திரியே பிடித்துவைத்த தண்ணீர்தான் ஆகும் என்பது அவர் பாடம். வீட்டில் அப்படிப்பட்ட தண்ணீர் எங்கே இருக்கிறது என்று யோசித்தபோதுதான் சமையலறை மூலையில் செப்புக்குடம் கண்ணில் பட்டது.

என் கல்யாணச் சீரில் வந்த குடம். ராத்திரி நிரப்பிவைத்துக் காலையில் அந்தத் தண்ணீரைக் குடிப்பது எங்கள் பழக்கம். உடம்புக்கு நல்லது என்று ஊரே சொல்லும். கத்திரியில் அதற்கு ஈரத்துணி சுற்றிவைப்பேன், ஜில்லென்று இருக்கும். முந்தின நாள்தான் புளி போட்டுத் தேய்த்திருந்தேன், தகதகவென்று மின்னியது. ராத்திரி பிடித்த தண்ணீர், குளிர்ந்த தண்ணீர், மனுஷனுக்கே மருந்தான தண்ணீர். அல்லாஹ்வே காட்டிக்கொடுத்தான் என்று நினைத்தேன்.

ஒரேயடியாகக் குளிரவைத்தால் மீனுக்கு ஆகாது என்பதும் பாடத்தில் இருந்தது. அதனால் ஒவ்வொரு டம்ளராக, கண்ணாடி ஓரமாக, நிதானமாக ஊற்றினேன். முக்கால் மணி நேரத்தில் குடம் காலி. வெப்பமானி முப்பத்தொன்றுக்கு இறங்கியது. எனக்கு அப்படி ஒரு பெருமை. மூன்று மணிக்கு அவரிடம் சொல்வதற்கு வாக்கியம்கூடத் தயார் செய்துகொண்டேன்.

இரண்டு மணிக்கு முதல் நத்தை கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தது. அடுத்து இன்னொன்று. ஐந்து நிமிடத்தில் கண்ணாடி வெறுமையானது. ஒரு நியான் பக்கவாட்டில் சுழன்று கீழே போனது. தண்ணீர் குளிர்ந்த பிறகு ஏன் சாகிறது? தொட்டி வாங்கிய மீன் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்கக்கா."

"தம்பி, தண்ணியெல்லாம் குளிர்ந்துதான் இருக்கு. ராத்திரி வெச்ச தண்ணிதான் ஊத்துனேன். மீனு சாவுது."

"எதுலக்கா வெச்சிருந்தீங்க?"

"செப்புக்குடத்துல."

"அய்யோ, என்னக்கா நீங்க! செம்பு மீனுக்கு விஷம். நத்தைதான் முதல்ல விழுந்திருக்குமே? பேசிட்டு நிக்காதீங்க. முக்கால்வாசித் தண்ணிய வெளிய எடுங்க. நல்ல தண்ணி விடுங்க. பிளாஸ்டிக் குடத்துல கொண்டாங்க!"

ட்யூபை வைத்துத் தொட்டித் தண்ணீரை முற்றத்தில் இறக்கிவிட்டு, பிளாஸ்டிக் குடத்தோடு பக்கத்து வீட்டு அடிபம்புக்கு ஓடினேன். பூமிக்கடியிலிருந்து வரும் தண்ணீர், மருந்தும் இல்லை, சூடும் இல்லை. அந்த வீட்டுக்காரம்மா தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார்.

"என்ன புள்ள, வீட்ல நெருப்பு கிருப்பு புடிச்சிக்கிச்சா?"

"மீனு சாவுது மாமி."

"மீனுக்கா இந்த ஓட்டம்!" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு பம்பைப் பிடித்தார். அவர் அடித்தார், நான் சுமந்தேன். சிமெண்டுத் தரை உள்ளங்காலைச் சுட்டது. செருப்பு மாட்ட நேரமில்லை. எத்தனை குடம் என்று தெரியாது. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் தொட்டிக்குள் அடியில் இன்னொரு நியான் கிடந்தது. குளிர்ச்சி பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்த என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

கடைசிக் குடத்தை ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மூன்று மணி.

எடுக்காவிட்டால் பயந்துவிடுவார். எடுத்தேன். முகத்தைக் காட்டும் துணிச்சல் இல்லை. கேமராவைத் தொட்டிப் பக்கம் திருப்பி, எப்போதும்போல டீப்பாயில் சாய்த்துவைத்தேன். உள்ளே நியான்கள் மொத்தமும் போயிருந்தன. ஜோடியில் ஒன்று மணலில் சரிந்து கிடந்தது. இன்னொன்று அதன் பக்கத்திலேயே நின்று செவுளை வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க," என்றேன். "நான்தான் கொன்னுட்டேன். சூடு கொறையணும்னு செப்புக்குடத்துத் தண்ணிய ஊத்திட்டேன். ஜோடியில ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ணும் நிக்குமான்னு தெரியல. உங்களுக்கு இருக்கிற கஷ்டத்துல நான் வேற..." அதற்குமேல் அழுகைதான் வந்தது.

அவர் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. லைன் போய்விட்டதோ என்று போன் திரையைக் குனிந்து பார்த்தேன். அவர் முகம் இருந்தது. மூலையில் சின்னக் கட்டத்தில், என் போன் அவருக்கு அனுப்பும் படம் ஓடிக்கொண்டிருந்தது.

அதில் மீன் சரியாகவே தெரியவில்லை. விளக்கு இல்லாத தொட்டி கறுத்துக் கிடந்தது. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் எங்கள் ஹால் முழுவதும் தெரிந்தது. திறந்த வாசல், கொடியில் தொங்கும் துணி, நான் எப்போதும் உட்கார்ந்து கீரை ஆயும் இடம். நடுவில், தலை முதல் கால் வரை நனைந்து, இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு நான்.

இரண்டு வருடமாகப் போனை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அவருக்கு அதில் என்ன தெரிகிறது என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

"மார்கழியில எதுக்கு லைட்டை அணைக்கச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் சாப்பாட்டுத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்ததுபோல் இருந்தது. வியர்வையாகவும் இருக்கலாம்.

"குடத்தை இறக்கி வையி," என்றார். "மொதல்ல தலையைத் துவட்டு. அங்கேயே, நீ எப்பவும் உக்காருற எடத்துல உக்காரு."