கரும்பால் வாங்கிய ஏழு அடி

கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு கரும்பு விவசாயிக்குச் சாண எரிவாயுவில் மின்சாரம் எடுக்கும் இன்ஜினை அமைத்துக் கொடுத்தேன். புகையில் இருக்கும் கரியமில வாயுவைப் பிடிக்க, எட்டடிக் குழியில் சுண்ணாம்புத் தண்ணீர் நிரப்பி, புகைக்குழாயை அதில் விட்டேன். மாதம் ஒருமுறை இன்ஜினை நிறுத்தி, தண்ணீரை இறைத்து, அடியில் படிந்த சுண்ணாம்பை வழிக்க வேண்டும்.

அன்று அந்த மின்சாரத்தில் ஆலையில் கரும்பு ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சாறு புளித்துவிடும் என்று விவசாயி, தண்ணீரை மட்டும் இறைத்துவிட்டு, இன்ஜினை நிறுத்தாமலே தன் மச்சானைக் கயிறு கட்டிக் குழியில் இறக்கியிருந்தார். நான் எட்டிப் பார்த்தபோது மச்சான் தலை தொங்கிக் கிடந்தான்.

எரிவாயு வால்வு இறுகித் திருக வரவில்லை; கடப்பாரையால் இன்ஜினை ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடியில் நின்றது.

“யோவ் இன்ஜினியரு, படிச்ச திமிரா? இன்னாத்துக்குய்யா ஒடச்ச?”

ஆலையிலிருந்து ஓடிவந்த விவசாயி கையிலிருந்த கரும்பாலேயே விளாசினார். ஏழாவது அடியில் கரும்பு ஒடிந்தது, என் பல்லும் ஒன்று போயிற்று.

“குழியப் பாருய்யா!” என்று கத்தினேன்.

இருவரும் கயிற்றை இழுத்தோம். வாந்தியெடுத்துக் கண் திறந்த மச்சான், என் முகத்தைப் பார்த்தான்.

“மாமா, யாரு இவர இப்டி அடிச்சது?”

அவர் அழுதுகொண்டே என் காலில் விழ வந்தார். தடுத்துவிட்டேன். குழியில் தங்கும் மிச்சப் புகை வெளியேற என் வரைபடத்தில் ஒரு குழாய்கூட இல்லை. அதை அவரிடம் நான் சொல்லவேயில்லை.