வயிற்றுக் கிருமி நெஞ்சுக்கு வந்த கதை

மூட்டுவலிக்காகப் பல வருடங்களாக மாத்திரை விழுங்குகிறவள் நான். கூடவே சர்க்கரையும் உண்டு. செங் என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை. போன வருடம் எனக்கு வந்த காய்ச்சல் பத்து நாளாகியும் விடவில்லை. இருமினால் வலது விலாவில் கத்தி இறங்குவது போல் வலி. பக்கத்து ஊரான பாச்சாங்கில், கிளினிக்கில் தந்த இருமல் மருந்து இரண்டு புட்டி காலி. பாதி மாடிப்படியில் மூச்சு வாங்கி நான் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்த பிறகுதான் என் கணவர் கார் சாவியைத் தேடினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. முதுகில் ஊசி இறக்கி, கொஞ்சம் உறிஞ்சிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சில நாள் கழித்து இளம் தமிழ் டாக்டர் ஒருவர் கையில் தாளோடு வந்தார். முகத்தில் அப்படியொரு உற்சாகம். அபூர்வமான நோயாளியாகிவிட்டோம் என்று அதைப் பார்த்தே புரிந்துகொண்டேன்.

“ஆன்ட்டி, இது சால்மோனெல்லா. கெட்டுப்போன சாப்பாட்டுல வர்ற கிருமி. வயித்துலதான் வேலையக் காட்டும். உங்களுக்கு நெஞ்சுல வந்திருக்கு. வயித்தால போச்சா?”

“ஒரு நாள்கூட இல்ல டாக்டர்.”

கட்டிலோரம் நின்ற என் மாமியாருக்குச் ‘சாப்பாடு’ என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. வீட்டில் சமையல் முழுக்க அவர் கைதான்.

“என் சமையல்லயா? இத்தன வருசமா ஆக்கிப் போடுறேன், ஒருத்தருக்கு ஏப்பம்கூட தப்பா வந்ததில்ல லா!”

“உங்களச் சொல்லல பாட்டி.”

நான் ஆன்ட்டி, அவர் பாட்டி. மாமியாரின் கோபம் இரட்டிப்பானது. அரைவேக்காட்டு முட்டையா, வேகாத கோழியா என்று டாக்டர் கேட்கக் கேட்க, கோர்ட்டில் நிற்பவரைப் போல ஒவ்வொன்றையும் மறுத்தார்.

“வீட்டுல ஏதாச்சும் வளக்குறீங்களா? கோழி, ஆமை?”

என் கணவர் திடீரென்று எனக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்து சொட்டுவதை உன்னிப்பாகக் கவனிக்கத் தொடங்கினார்.

“ஏங்க, சொல்லுங்க,” என்றேன்.

“ஒண்ணே ஒண்ணு டாக்டர். சின்ன ஆமை.”

பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கியபோது அது சின்னதுதான். இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு. அதன் தொட்டியை அவர் கழுவுவது சமையலறை சிங்க்கில், கீரை அலசும் அதே இடத்தில்.

“ஆமைகிட்டயும் இந்தக் கிருமி இருக்கும் அங்கிள். ஆனா அதுதான் காரணம்னு உறுதியா சொல்ல முடியாது. மூட்டுவலி மாத்திரையால ஆன்ட்டிக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி. ரத்தத்துல கலந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.”

‘உறுதியா சொல்ல முடியாது’ என்பது மாமியார் காதில் ஏறவே இல்லை. மகனைப் பார்த்த பார்வையில் வெற்றி பளபளத்தது.

மாமியார் காபி குடிக்கப் போனதும் கணவர் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். “உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா...” என்று தொடங்கி, முடிக்க முடியாமல் மூக்கை உறிஞ்சினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலா வலித்தது. வலித்ததும் அழுகையும் வந்தது.

இன்னொரு முறை நீர் எடுத்தார்கள். வாரக்கணக்கில் மருந்து ஏறியது. ஒருவழியாக வீடு திரும்பினேன். ஆமை பின்பக்கக் குழாயடிக்குக் குடிபோயிருந்தது. கணவர் கையுறை மாட்டி அதைக் குளிப்பாட்டிவிட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். மாமியார் முட்டையை ரப்பர் பந்தாகும்வரை வேகவைத்தார்.

புலாவ் செபாங் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் பிஸ்கட் டின்னோடு என்னைப் பார்க்க வந்தார்கள். “இப்ப எப்படிம்மா இருக்கு?” என்று வாசலிலேயே கேட்டார்கள். நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், “அந்த ஆம எங்க?” என்று எல்லாரும் வரிசையாகப் பின்பக்கம் போய்விட்டார்கள்.