எரியாத எட்டாவது விளக்கு

கணினியின் மூளையான செயலி எப்படி இயங்குகிறது என்று அறிய, செஞ்சியில் எங்கள் வீட்டு மேசைமேல் நானும் மகளும் ஒரு சின்னக் கணினியை ஒயர் ஒயராகக் கோத்துவருகிறோம். இன்று பொத்தானை அழுத்தியதும் எட்டுச் சிவப்பு விளக்குகளும் எரிந்திருக்க வேண்டும். ஏழுதான் எரிந்தன.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், பொங்கல் கழிந்த வாரம். நைனா கல்குவாரியில் வெடி வைப்பவர். எட்டுக் குழி என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஏழு வேட்டுச் சத்தம்தான் வீட்டுக்குக் கேட்டது. வெடிக்காத குழியைச் சற்றுப் பொறுத்து, கிட்டே போய்ப் பார்ப்பதும் அவர் வேலைதான். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் முறம் அந்தரத்தில் நின்றது.

"ரெண்டு ஒண்ணா வெடிச்சிருக்கும்மா."

"வாய மூடிக்கினு காத குடு."

இன்னொரு சத்தம் வரவேயில்லை. வெடிமருந்து நெடியோடு நைனாதான் வந்தார்.

"ரெண்டு குழி ஒண்ணா வெடிச்சிடுச்சி. இன்னா, இன்னும் சோறு ஆக்கலயா?"

அம்மா முறத்தை அரிசியோடு அவர்மேல் வீசினாள்.

"அந்த ஒயரு லூசா இருக்குதுப்பா. கைய வச்சி அழுத்து," என்றாள் மகள்.

வெறும் பேட்டரிதான். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"இரு, கொஞ்ச நேரம் போவட்டும்."