தார் ரோட்டை உழுத டிராக்டர்

கடை ஷட்டரைத் தூக்கும்போதே ராசம்மாள் அக்கா வந்து நின்றார். பேளுக்குறிச்சியில் நான் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த காலம். அக்காவுக்கு வாடகைக்கு ஓடும் டிராக்டர் ஒன்று இருந்தது.

"ஏனுங்க தம்பி, உங்க பொட்டி சொல்றது நெசந்தானுங்களா?"

"அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க அக்கா," என்றேன். அவ்வளவு தன்னம்பிக்கை எனக்கு அதன்பின் வாய்க்கவில்லை.

வெளிநாட்டில் டிராக்டர் வேலையை சாட்டிலைட் வைத்துக் கண்காணிக்கிறார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். என்னிடம் சாட்டிலைட் இல்லை, கால்குலேட்டர் இருந்தது. அதை ஒரு பெட்டிக்குள் அடக்கி அக்காவின் டிராக்டரில் வைத்தேன். காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொள்ளும் ரீட் சுவிட்ச் ஒன்றை கால்குலேட்டரின் சமக்குறிப் பொத்தானோடு இணைத்து, முன்சக்கரத்தைத் திருப்பும் ராடில் காந்தத்தைக் கட்டினேன். உழும்போது வரப்போரத்தில் வண்டி முழுக்கத் திரும்பும். 1+1 என்று முதலிலேயே அழுத்தி வைத்திருப்பதால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒன்று கூடும். எத்தனை உழவு சால் ஓடியது என்று சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

முந்தின நாள் டிரைவர் செல்லமுத்து, மலைமேல் இருக்கும் திருப்புலி நாடு என்ற ஊருக்கு ட்ரெய்லரில் மரவள்ளிக் குச்சி இறக்கிவிட்டு வந்திருந்தார். உழவு வேலையே இல்லை. பெட்டியிலோ ஒரு புன்செய்க் காடு முழுக்க உழுத கணக்கு.

"மேல எவங் காட்டையோ உழுது குடுத்துட்டு வந்துருக்கறான். நாளையிலிருந்து வேற டிரைவர்தானுங்க," என்றார் அக்கா.

செல்லமுத்து பின்னாலேயே நின்றிருந்தார். "கலப்பை நம்ம ஊட்லயேதானுங்க கெடந்துச்சு."

"ஏப்பா, மலைமேல கலப்பைக்குப் பஞ்சமா?"

"இத்தன வருசமா என் பேச்ச நம்புனீங்க. இப்ப கால்குலேட்டர நம்பறீங்க."

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது ஆர்வம். உழாத வண்டி எப்படி உழுதது?

"சாவிய வாங்கறதுக்கு முந்தி ஒருக்கா மலையேறிப் பார்க்கலாங்க அக்கா," என்றேன்.

ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். ஒரு மட்கார்டில் அக்கா, இன்னொன்றில் மடியில் பெட்டியோடு நான். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் செல்லமுத்து ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார். கால்குலேட்டரில் ஒன்று கூடியது. அடுத்த வளைவில் இன்னொன்று. அக்கா எட்டி எட்டிப் பார்த்தார். பாதி மலை ஏறுவதற்குள், பெட்டிக் கணக்கில், தார் ரோட்டில் அரைக்காடு உழுதிருந்தோம்.

"நிறுத்துப்பா," என்றார் அக்கா. இறங்கி, ரோட்டைக் காலால் ஒரு தட்டு தட்டினார். "இதுல என்னத்தைங்க தம்பி வெதைக்கறது?"

சாவியை அவர் கேட்கவே இல்லை.

மறுநாள் கலப்பையில் இன்னொரு சுவிட்ச் வைத்தேன். கலப்பை மண்ணில் இறங்கியிருந்தால்தான் பெட்டி எண்ணும். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: சென்சார் திருப்பத்தை மட்டுமே எண்ணியது. அதற்கு உழவு என்று பெயர் வைத்தவன் நான். வைத்த பெயர் சரிதானா என்று ஒருமுறை வண்டியோடு கூடவே போய்ப் பார்த்துவிடுங்கள்.

"பெட்டி வேண்டாம்னா கழட்டிடறேன்," என்று செல்லமுத்துவிடம் சொன்னேன்.

"இருக்கட்டுங்க. நான் உழுத காட்டையே உழுகலைன்னு எவனாச்சும் சொன்னா, எனக்கும் ஒரு சாட்சி வேணுமில்லீங்களா?"