மூன்று கோடும் ஒரு நட்சத்திரமும்

என் அத்தையைக் கட்டிய மாமா சிங்களவர். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருந்த கிராமத்துக்காரர், ஆமியில் சார்ஜன்ட். லீவில் வந்தால் ஓப்பநாயக்கவில் பஸ்ஸை விட்டு இறங்கி, சீருடையோடேயே எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறி வருவார். சட்டைக் கையில் இருக்கும் கோடுகளை நான் விரலால் தடவிப் பார்ப்பேன்.

"ஒரு கோடுன்னா லான்ஸ் கோப்ரல். ரெண்டுன்னா கோப்ரல். மூணுன்னா நான்" என்பார்.

கடைத்தெருவில் எந்த ஆமிக்காரரைக் கண்டாலும் நான் கோடுகளை எண்ணினேன். நான்கு கோடு ஒருவருக்கும் இல்லை. ஆகவே இலங்கை ராணுவத்திலேயே பெரியவர் எங்கள் மாமாதான் என்று முடிவு செய்து, வகுப்பிலும் அறிவித்துவிட்டேன்.

நான் ஆண்டு ஐந்து படித்த வருடம், மாமா லீவில் நின்ற ஒரு சனிக்கிழமை, பெல்மதுளையில் கடையொன்றில் வேலை செய்த என் அண்ணனைச் சந்தியில் ஆமிக்காரர்கள் பிடித்து வைத்திருப்பதாகச் செய்தி வந்தது. அடையாள அட்டைக்கு எழுதிப் போட்டிருந்தான், இன்னும் வரவில்லை. அம்மா அழத் தொடங்கினாள். அப்பா சட்டையைத் தேடினார்.

"நீங்க வராதீங்க மச்சான். உங்களையும் புடிச்சு வச்சா இன்னும் கரைச்சல்" என்ற மாமா, துவைத்துக் காயப்போட்டிருந்த சீருடையை ஈரத்தோடே மாட்டிக்கொண்டார். அண்ணன் சாப்பிட்டிருக்க மாட்டான் என்று அம்மா ரொட்டியைச் சுற்றிக் கொடுத்து என்னையும் கூட அனுப்பினாள். எனக்குப் பயமே இல்லை. மூன்று கோடு அல்லவா போகிறது!

மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு மர வாங்கில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். காலில் செருப்பில்லை. மேசைக்குப் பின்னால் மீசை சரியாக முளைக்காத ஓர் இளைஞன். அவன் கையில் கோடே இல்லை. தோளில் ஒரே ஒரு நட்சத்திரம். மாமாவைக் கண்டதும் எழுந்து நிற்பான் என்று எதிர்பார்த்தேன். மாமாதான் சப்பாத்தைத் தரையில் அடித்து சல்யூட் வைத்தார்.

லயம் முழுக்கக் கேட்கும் அவருடைய குரல் அங்கே பாதியாகிவிட்டது. பேச்சு சிங்களத்தில் நடந்தது. எனக்கு நன்றாகவே விளங்கியது. இவன் உனக்கு யார் என்று இளைஞன் கேட்டான். மனைவியின் அண்ணன் மகன், சேர், என்றார் மாமா.

"அப்ப உன் மனைவி தமிழா?"

"ஆமா சேர்."

இளைஞன் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். அதில் எதையோ எழுதி, அவர் பக்கம் தள்ளினான். மாமா அதில் பெயர், இலக்கம், பதவி எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்தார். அண்ணனை விட்டார்கள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "மாமா, மூணு கோட்ட விட ஒரு நட்சத்திரம் பெரிசா?"

"பெரிசுதான் புள்ள."

"ரொம்பப் பெரிசா?"

"ரொம்ப."

வகுப்பில் இதை எப்படித் திருத்திச் சொல்வது என்ற கவலை என்னைப் பிடித்துக்கொண்டது.

இனி அண்ணன் எதிலாவது மாட்டினால் முதலில் தானே பதில் சொல்வதாக மாமா அந்தத் தாளில் ஒப்புக்கொண்டிருந்தார். அது பல வருடங்கள் கழித்து அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று சந்தியிலிருந்த கடையில் எங்களுக்கு பணிஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, மாமா பிளேன்டீ கேட்டார். கிளாஸை எடுத்தவர் வாய்வரை கொண்டுபோக முடியாமல் திரும்ப மேசையில் வைத்தார். மறுபடி எடுத்தார்; மறுபடியும் வைத்தார். அண்ணன் பணிஸைத் தொடாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தேத்தண்ணி ரொம்பச் சூடு போலிருக்கிறது என்று நினைத்து, நான் எட்டி அதை ஊதிவிட்டேன்.